வேலை போன அணை: கெல்லி பார்ன்ஸ், 1977

1977 நவம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை, அதிகாலை ஒன்றரை மணி. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டொக்கோவா என்ற சிற்றூரை ஒட்டி ஒரு பைபிள் கல்லூரி. மாணவர் விடுதிகள், ஆசிரியர் வீடுகள், திருமணமான மாணவர்கள் குடும்பத்தோடு தங்கியிருந்த டிரெய்லர் வீடுகள், எல்லாம் ஓர் ஓடையின் கரையோரம். வளாகத்துக்குள்ளேயே 186 அடி உயர அருவி. அருவிக்கு மேலே ஓடையோடு கொஞ்ச தூரம் ஏறிப் போனால் கல்லூரிக்கே சொந்தமான ஒரு மண் அணை. அதன் பெயர் கெல்லி பார்ன்ஸ்.

நான்கைந்து நாட்களாக மழை. மொத்தம் ஏழு அங்குலம் பெய்திருந்தது. அதில் பாதி, மூன்றரை அங்குலம், சனிக்கிழமை மாலை ஆறு மணியிலிருந்து நள்ளிரவுக்குள் கொட்டியது. ஒன்றரை மணிக்கு அணை உடைந்தது. தண்ணீர் அருவி வழியே விழுந்து, தூங்கிக்கொண்டிருந்த வளாகத்தின் மேல் பாய்ந்தது. 39 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். 9 வீடுகள், 18 டிரெய்லர் வீடுகள், 2 கல்லூரிக் கட்டடங்கள் அடியோடு போயின. டொக்கோவா ஊருக்கே சில நாட்கள் குடிநீர் கெட்டது. பொருள் இழப்பு 28 லட்சம் டாலர் என்று கணக்கிட்டார்கள்.

அணை விபத்து என்றதும் பெரிய அணைகளின் பெயர்கள்தான் நமக்கு நினைவுக்கு வரும். நான் இந்தச் சின்ன அணையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. பழைய, சிறிய, தனியாருக்குச் சொந்தமான அணைகளுக்கு என்னவெல்லாம் நேருமோ, அத்தனையும் இந்த ஒன்றுக்கு நேர்ந்தது. பெரும்பாலானவை மெதுவாக, பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டு நேர்ந்தன.

எவ்வளவு சின்னது?

உடையும்போது அணையில் இருந்தது சுமார் 27 மில்லியன் கனஅடித் தண்ணீர். சென்னைக்காரர்களுக்குச் சொல்வதென்றால், செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. நீர்ப்பரப்பு 40 ஏக்கர். கரையின் நீளம் 400 அடி, உச்சியில் அகலம் 20 அடி, உயரம் சுமார் 40 அடி. ஒருவர் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இரண்டு நிமிடத்தில் நடந்துவிடலாம்.

ஆனால் கரை உடைந்தபோது கீழே பாய்ந்த உச்ச அளவு நொடிக்கு சுமார் 24,000 கனஅடி. 2015 டிசம்பர் முதல் தேதி இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து அடையாற்றில் திறந்துவிடப்பட்டதாகப் பதிவானது 29,000 கனஅடி. அந்த இரவு சென்னை என்ன பாடுபட்டது என்று நமக்குத் தெரியும். கிட்டத்தட்ட அதே அளவு தண்ணீர், அடையாறுபோல அகன்ற ஆற்றில் இல்லாமல், தாண்டிக் குதித்துக் கடக்கக்கூடிய ஓர் ஓடையில் பாய்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேகத்திலேயே ஓடியிருந்தால் குளம் இருபது நிமிடத்தில் காலி. அந்த இருபது நிமிடம் போதுமானதாக இருந்தது.

ஓர் அணை எவ்வளவு ஆபத்தானது என்பதை அதன் கொள்ளளவு மட்டும் சொல்லாது. எவ்வளவு வேகமாகக் காலியாகும், காலியாகும் வழியில் யார் படுத்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

மூன்று முறை கட்டிய கரை

இந்த அணையை ஒரே மூச்சில் யாரும் கட்டவில்லை. 1899ல் முதலில் வந்தது மரச்சட்டங்களைப் பெட்டிபோல அடுக்கி, உள்ளே கல்லைக் கொட்டி நிரப்பிய ஒரு தடுப்பு. சிறிய நீர்மின் நிலையம் ஒன்றை ஓட்டுவதற்காகக் கட்டியது. அந்தக் காலத்துக்கு அது நல்ல வேலைதான். மரமும் கல்லும் பக்கத்திலேயே கிடைத்தன.

1937ல் கல்லூரி தனக்கு மின்சாரம் தயாரிக்க அதே இடத்தைத் தேர்ந்தெடுத்தது. பழைய மரக்கூண்டைப் பிரித்து எடுக்காமல் அதன் மேலேயே மண்ணைக் கொட்டி மண் அணையாக்கினார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு மறுபடி மண் போட்டு உயர்த்தினார்கள். கடைசி உயரம் அப்போது வந்ததுதான்.

சரி, இதில் என்ன தவறு என்று கேட்கலாம். நம் ஊர் ஏரிக்கரைகளும் இப்படித்தான் தலைமுறை தலைமுறையாக மண் போட்டு உயர்த்தியவை. ஆனால் ஒரு மண் கரையை உயர்த்தும்போது அடியையும் அகலமாக்க வேண்டும். இல்லையென்றால் சரிவு செங்குத்தாகிக்கொண்டே போகும். அப்புறம், பழைய பகுதியும் புதிய பகுதியும் சேரும் இடம் எப்போதுமே பலவீனமானது. தண்ணீர் அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும். மண்ணுக்குள் புதைந்த மரம் காலப்போக்கில் மக்கினால், அது இருந்த இடம் வெற்றிடமாகும். மேலே நின்று பார்த்தால் இதில் எதுவும் தெரியாது. புல் முளைத்து அழகாகத்தான் இருக்கும்.

விபத்துக்குப் பின் வந்த விசாரணைக் குழுவுக்கு இந்த அணையின் முறையான வடிவமைப்பு வரைபடமோ கட்டுமான வரைபடமோ கிடைக்கவில்லை. நேரில் பார்த்தவர்கள் சொன்னது, பழைய புகைப்படங்கள், உடைந்து மிஞ்சிய கரை, இவற்றை வைத்துத்தான் அவர்கள் வேலை செய்ய வேண்டியிருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் கரை உடைந்த பிறகு வெட்டுமுகத்தில் பார்த்துத் தெரிந்துகொள்வது எவ்வளவு பெரிய கொடுமை என்று யோசித்துப் பாருங்கள்.

1957

இந்த அணையின் கதையில் முக்கியமான ஆண்டு எது என்று என்னைக் கேட்டால் 1977 என்று சொல்ல மாட்டேன். 1957 என்றுதான் சொல்வேன்.

அந்த ஆண்டில் மின் உற்பத்தியை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு அது பொழுதுபோக்குக் குளம். மீன் பிடிக்க, கரையோரம் உட்கார, நடந்து போக.

மின்சாரம் தயாரிக்கும் அணைக்குத் தினமும் ஓர் ஆள் போவார். மதகைத் திறக்க வேண்டும், குழாயின் வாயில் அடைத்த சருகை எடுக்க வேண்டும், நீர்மட்டத்தைக் குறிக்க வேண்டும். கரையைப் பார்ப்பது அவர் வேலையாக இல்லாவிட்டாலும் போகிற வழியில் கண்ணில் படும். நேற்று இல்லாத ஈரம் இன்று இருந்தால் செருப்பே சொல்லிவிடும். அணை வருமானம் தருகிறவரை அதற்கு ஒரு செலவுக் கணக்கும் இருக்கும். வேலை போன நாளிலேயே அந்த ஆளும் போகிறார், கணக்கும் போகிறது. தண்ணீர் மட்டும் அப்படியே நிற்கிறது. கரையின் மேல் அதே எடையில், இரவும் பகலும், அழுத்திக்கொண்டு நிற்கிறது.

இதை நான் அந்தக் கல்லூரியைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. இறந்தவர்கள் அவர்களுடைய பிள்ளைகளும் மாணவர்களும்தான். பாடம் நடத்துகிற ஓர் இடம், ஒரு பண்ணைக் குடும்பம், ஒரு குடியிருப்போர் சங்கம், இவர்களில் யாருக்கும் அணை மராமத்து தொழில் இல்லை. அணை அவர்களிடம் நிலத்தோடு சேர்ந்து வந்த ஒரு பொருள். அமெரிக்காவில் உள்ள அணைகளில் பாதிக்கு மேல் இப்படித் தனியார் கையில் இருப்பவைதான். மாவு ஆலைக்காக, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட, வயலுக்குப் பாய்ச்ச என்று கட்டியவை. கட்டிய காரணம் போய் வெகுகாலமாகியும் கரை மட்டும் மிஞ்சி நிற்கிறது.

1973ல் எடுத்த படம்

மத்திய அரசின் விசாரணைக் குழு 1977 டிசம்பரிலேயே அறிக்கை கொடுத்தது. ஒரே ஒரு காரணத்தைக் காட்ட முடியவில்லை, பல காரணங்கள் சேர்ந்திருக்க வேண்டும் என்றார்கள். அவர்கள் வரிசைப்படுத்திய விதம் ஏறக்குறைய இது: கரையின் வெளிச்சரிவு, அதாவது தண்ணீர் நிற்காத பக்கத்துச் சரிவு, மிகச் செங்குத்து. அதில் ஓரிடம் சரிந்திருக்க வேண்டும், உள்ளே மண் அரித்துச் சென்றதும் அதோடு சேர்ந்திருக்கலாம். அந்தச் சரிவால் கரை உச்சியில் ஒரு பகுதி இறங்கியது. இறங்கிய இடத்தில் தண்ணீர் ஏறி அரித்தது. ஊறிப்போயிருந்த மீதிக் கரை மொத்தமாகச் சரிந்தது.

அறிக்கையில் என்னை மிகவும் பாதித்தது ஒரு புகைப்படம் பற்றிய குறிப்பு. 1973ல் எடுத்த படம். அதில் வெளிச்சரிவில் மண் சரிந்து விழுந்த ஓர் இடம் தெரிகிறது: 12 அடி உயரம், 30 அடி அகலம். விபத்துக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே.

மண் கரையில் அப்படி ஒரு பகுதி கழன்று விழுவது, மனிதனுக்கு லேசான மாரடைப்பு வந்து போவதுபோல. மண் தன்னால் எவ்வளவு தாங்க முடியும் என்பதைச் சொல்லிவிட்டது. மண் அணையின் வெளிச்சரிவு பொதுவாக ஒன்றுக்கு இரண்டு, அதாவது ஓர் அடி உயரத்துக்கு இரண்டு அடி அகலம், இல்லையென்றால் அதைவிடப் படுக்கையாக இருக்கும். இங்கே கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்று, 45 பாகை. உலர்ந்த மண் அப்படிச் சில காலம் நிற்கும். நனைந்த மண் நிற்காது.

ஏன் என்பதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். எந்த மண் கரையிலும் தண்ணீர் ஊறும். ஊறாத கரை கிடையாது. குளத்துப் பக்கத்திலிருந்து ஊறி வரும் தண்ணீர் கரைக்குள் ஒரு சாய்வான கோடாக இறங்கி, வெளிப்பக்கம் அடியில் எங்கோ வெளிவரும். அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள மண் எப்போதும் நனைந்திருக்கும். நன்றாகக் கட்டிய அணையில் உள்ளே மணல், சரளை அடுக்கு வைத்து, அந்த நீரை மண் துகள் கலக்காமல் வடித்து வெளியே விடுவார்கள். அந்த ஏற்பாடு இல்லாத பழைய கரையில், மழைக்காலத்தில் குளமும் உயர்ந்து மேலிருந்தும் மழை இறங்கினால், நனைந்த கோடு மேலே ஏறும். வெளிச்சரிவின் நடுவயிற்றில் தண்ணீர் கசியும். மண்ணின் பிடிப்பு குறையும். செங்குத்தான சரிவு அப்போதுதான் கழலும்.

இன்னொன்று உள்ளரிப்பு. ஆங்கிலப் பாடப் புத்தகத்தில் படித்தவர்கள் ‘பைப்பிங்’ என்பார்கள். கசியும் நீர் மண் துகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரத் தொடங்கினால், வெளியிலிருந்து உள்நோக்கி ஒரு சின்னத் துளை வளரும். அது குளத்தைத் தொட்ட பிறகு ஆளைக் கூப்பிட நேரம் இருக்காது.

கசிவு ஆபத்தா இல்லையா என்று பார்க்க ஒரு எளிய வழி எனக்குச் சின்ன வயதில் கிடைத்தது. எங்கள் ஊர் ஏரிக்கரையின் அடியில் ஓரிடத்தில் வருடம் முழுக்க ஈரம் இருக்கும். ஐப்பசி மழையில் ஏரி நிறைந்ததும் என் பெரியப்பா ஒரு கண்ணாடி பாட்டிலோடு போவார். கசிவுக்குக் கீழே கையால் சிறு பள்ளம் தோண்டி, ஒரு வாழைமட்டையைச் செருகி, அதன் வழியே சொட்டுகிற தண்ணீரைப் பிடிப்பார். பாட்டில் நிறைய எத்தனை எண்ணிக்கை ஆகிறது என்று வாய்விட்டு எண்ணுவார். பிறகு அதைத் திண்ணையில் வைத்துவிட்டு மறுநாள் காலையில் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். அடியில் ஒன்றும் படியவில்லை என்றால் கரை சும்மா வியர்க்கிறது என்பார். ஒரு வருடம் அடியில் மெல்லிய செம்மண் வளையம் படிந்திருந்தது. “டேய், கரை கரையுதுடா” என்று சொல்லிவிட்டு, சட்டையைக்கூடப் போடாமல் ஊர்ப் பெரியவர்களைப் பார்க்கப் போனார். அன்று சாயங்காலத்துக்குள் மணலும் சரளையும் வந்து இறங்கின. கசிவை அடைக்கவில்லை. அதன் மேல் மணலைப் பரப்பி, அதன் மேல் சரளை, அதன் மேல் கல். தண்ணீர் வரட்டும், மண் வரக்கூடாது. இதைத்தான் நான் பிறகு கல்லூரியில் வேறு பெயரில் படித்தேன்.

எண்ணிக்கை, தெளிவு, இடம். ஒரு கசிவைப் பற்றி இந்த மூன்றையும் தொடர்ந்து குறித்து வைத்தால் பாதி வேலை முடிந்தது. நோட்டுப் புத்தகத்தில் போன வருட எண் இருந்தால்தான் இந்த வருட எண்ணுக்குப் பொருள் உண்டு.

இருபது ஆண்டுகளில் என்ன செய்திருக்கலாம்

1957க்கும் 1977க்கும் இடையே இருபது ஆண்டுகள். இதே நிலையில் உள்ள ஓர் அணைக்கு அந்த இடைவெளியில் செய்யக்கூடியவை பல. சில வேலைகளுக்குப் பெரிய செலவும் இல்லை.

முதலில் தண்ணீரை இறக்குவது. இதைவிட மலிவான, உடனே பலன் தரும் வேலை வேறு கிடையாது. கரையின் மேல் நீரின் தள்ளுவிசை ஆழத்தின் இருமடியாக ஏறும். 40 அடி ஆழத்தை 30 அடியாக இறக்கினால் தள்ளுவிசை கிட்டத்தட்ட பாதியாகிவிடும். கசிவும் குறையும், உடைந்தாலும் கீழே போகும் தண்ணீர் குறைவு. மதகு வேலை செய்யாவிட்டாலும் கரை மேல் குழாய் போட்டு, வயலில் டியூப் வைத்து உறிஞ்சி விடுகிற மாதிரி, நீரை மறுபக்கம் இழுக்கலாம். இருபது அடி வரை அது நன்றாகவே இழுக்கும். ஆனால் ஒரே நாளில் இறக்கக் கூடாது. நனைந்த உள்சரிவுக்குத் தண்ணீரின் தாங்குதல் திடீரென்று போனால் அந்தப் பக்கம் சரிந்துவிடும்.

பிறகு சரிவைப் படுக்கையாக்குவது. வெளிப்பக்கம் அடியில் மணல் வடிகட்டி போட்டு, அதன் மேல் மண்ணோ கல்லோ சாய்த்து முட்டுக் கொடுப்பது. இதற்குச் செலவு ஆகும். பொறியாளர் வேண்டும். 1973ல் அந்த மண்சரிவை ஓர் அணைப் பொறியாளரைக் கூட்டிவந்து காட்டியிருந்தால் அவர் சொல்லியிருக்கக்கூடிய முதல் இரண்டு வாக்கியங்கள் இவையாகத்தான் இருக்கும்: தண்ணீரை இறக்கு, முட்டுக் கொடு.

கரைக்குள் ஓடும் பழைய குழாய் தனிக் கவலை. இந்த அணையிலும் அடிமட்டக் குழாய் ஒன்று இருந்தது, அதுவும் பலவீனத்தைக் கூட்டியிருக்கலாம் என்று விசாரணை சுட்டிக்காட்டியது. இரும்புக் குழாய் துருப்பிடித்து ஓட்டையானால் அழுத்தத்தோடு வரும் நீர் கரையின் வயிற்றுக்குள்ளேயே பாயும். ஓட்டை இல்லாவிட்டாலும், குழாயின் வெளிப்புறத்தை ஒட்டி மண் சரியாகக் கெட்டிப்படாமல் இருக்கும். தண்ணீருக்கு அது ஒரு ராஜபாட்டை. பயன்படாத குழாய் என்றால் சிமெண்டுக் குழம்பு செலுத்தி அடைத்துவிட வேண்டும்.

மரங்களைப் பற்றிப் பேசினால் பலருக்கு வருத்தம் வரும். கரையில் நிற்கும் மரம் மண்ணைப் பிடித்து வைக்கிறது என்ற நம்பிக்கை எல்லா நாட்டிலும் இருக்கிறது. ஆற்றங்கரைக்கு அது சரியாக இருக்கலாம். அணைக்கரையில் மரம் உயிரோடு இருக்கும்போது வேர் ஈரத்தைத் தேடி உள்ளே போகிறது. செத்தபின் வேர் மக்கி, அது இருந்த இடம் குழாயாகிறது. புயலில் சாய்ந்தால் வேர்மண்ணோடு கரையின் ஒரு துண்டையே பிடுங்கிப் போகிறது. கட்டைவிரல் பருமனில் இருக்கும்போதே வெட்டிவிட வேண்டும். முப்பது வருடம் வளரவிட்டால், வெட்டினாலும் ஆபத்து, விட்டாலும் ஆபத்து. வேரைத் தோண்டி எடுத்து மண்ணைத் திரும்பக் கெட்டிக்க வேண்டும். புல் போதும். கால் வைக்கிற இடம் கண்ணுக்குத் தெரிகிற உயரத்தில் வெட்டிய புல்.

இது எதற்கும் வசதி இல்லை என்றால்? அப்போது அணையை நாமே உடைத்துவிடுவதுதான் நேர்மை. கோடையில் தண்ணீரை மெல்ல இறக்கி, கரையில் அகலமாக ஒரு வாய் வெட்டி, ஓடையை அதன் போக்கில் விட்டுவிடுவது. குளத்தை இழப்பது யாருக்கும் சுலபம் இல்லை. அதன் கரையில் கல்யாணப் படம் எடுத்தவர்கள் இருப்பார்கள். ஆனாலும் பராமரிக்க ஆளில்லாத அணையை நிறைத்து வைத்திருப்பதைவிட இது எத்தனையோ மேல்.

சட்டம் இருந்தது, பணம் இல்லை

1972ல் அமெரிக்காவில் இரண்டு பேரழிவுகள். பிப்ரவரியில் மேற்கு வர்ஜீனியாவின் பஃபலோ கிரீக்கில் ஒரு நிலக்கரி நிறுவனம் கழிவைக் கொட்டி எழுப்பிய அணை உடைந்து 125 பேர் இறந்தார்கள். ஜூனில் தெற்கு டகோட்டாவின் ராபிட் சிட்டியில் பெருவெள்ளம், அங்கே கேன்யன் லேக் அணையும் உடைந்தது. இறந்தவர்கள் 238 பேர். அந்த ஆகஸ்டிலேயே நாடு முழுக்க அணைகளைப் பட்டியல் எடுத்து ஆய்வு செய்யச் சட்டம் வந்தது. பட்டியலும் தயாரானது, சுமார் 50,000 அணைகள். ஆய்வுக்கு மட்டும் பணம் ஒதுக்கவில்லை. ஐந்து ஆண்டுகள் அப்படியே போயின. ஜார்ஜியாவிலோ மாநிலச் சட்டமே கிடையாது.

கெல்லி பார்ன்ஸ் உடைந்தபோது குடியரசுத் தலைவராக இருந்தவர் ஜிம்மி கார்ட்டர். ஜார்ஜியாக்காரர். அவர் மனைவி ரோசலின் கார்ட்டர் வளாகத்துக்கு நேரில் வந்தார். அதே மாதத்தில், மத்திய அரசுக்குச் சொந்தமில்லாத ஆபத்தான அணைகளை ஆய்வு செய்ய ராணுவப் பொறியாளர் பிரிவுக்கு கார்ட்டர் உத்தரவிட்டார். 1981 வரை நடந்த அந்த ஆய்வில் 8,800க்கும் மேற்பட்ட அணைகளைப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று பாதுகாப்பற்றது என்று தெரிந்தது. அந்த மூன்றில் ஒன்று நவம்பர் 5 வரைக்கும் கெல்லி பார்ன்ஸ் மாதிரியே பார்க்க அமைதியாக இருந்தவை.

1978ல் ஜார்ஜியா தன் அணைப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் நான் மதிக்கிற ஓர் அம்சம், அது கேட்கிற கேள்வி. 25 அடி உயரமோ 100 ஏக்கர்-அடி (நூறு ஏக்கரில் ஓரடி ஆழத்துக்கு நிற்கும் தண்ணீர்) கொள்ளளவோ இருந்தால் அணை கணக்கில் வரும். வந்தபின் முதல் கேள்வி: இது உடைந்தால் கீழே யாராவது இறப்பார்களா? ஆம் என்றால் முதல் வகை. உரிமம், ஆய்வு எல்லாம் அதற்கு உண்டு. கரை எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் வகை மாறாது. கீழே புதிதாக வீடு வந்தால் அணை முதல் வகைக்கு ஏறிவிடும்.

வேறு இரண்டு அணைகள், சுருக்கமாக

1982 ஜூலை 15, கொலராடோவின் ராக்கி மலைத் தேசியப் பூங்கா. 1903ல் விவசாயிகள் பாசனத்துக்காக மலைமேல் கட்டிய 26 அடி உயர லான் லேக் அணை அதிகாலையில் உடைந்து 3 பேர் இறந்தார்கள். மதகுக் குழாயும் வால்வும் சேரும் மூட்டில் அடைத்திருந்த ஈயம் தேய்ந்து போயிருந்தது. அதன் வழியே பீறிட்ட நீர் கரையை உள்ளேயிருந்து அரித்தது. ஒரு மூட்டின் ஈயம்! கீழே எஸ்டெஸ் பார்க் ஊரில் யாரும் சாகாததற்குக் காரணம், குப்பை எடுக்க வந்த ஒரு தொழிலாளி இரைச்சலைக் கேட்டு உடனே போன் செய்தது.

2006 மார்ச் 14, ஹவாயின் கவாய் தீவு. 1890ல் கரும்புத் தோட்டத்துக்காகக் கட்டிய கா லோகோ அணை நீண்ட மழைக்குப் பின் உடைந்து 7 பேர் இறந்தார்கள். நிறைந்த நீர் வழிந்தோடும் வழியான கலிங்கை மண் போட்டு மூடியதற்கு வலுவான சான்று இருப்பதாக மாநிலம் அமைத்த விசாரணை சொன்னது. கலிங்கு இல்லாத மண் அணை என்றால், எந்த மழையில் உடையும் என்பது மட்டும்தான் கேள்வி. அரசு ஆய்வாளர்கள் அந்த அணையை ஒருமுறைகூட ஆய்வு செய்ததில்லை. 2014ல் உரிமையாளருக்கு ஏழு மாதச் சிறை.

நம் சட்டத்தில் இது அணையா?

இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு பதறியது. அதனால் இதையும் எழுதிவிடுகிறேன்.

இந்தியாவின் அணைப் பாதுகாப்புச் சட்டம், 2021. அதன் கீழ் வருவதற்கு அணையின் உயரம் 15 மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். 10 முதல் 15 மீட்டருக்குள் என்றால் கரை நீளம் 500 மீட்டர், கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டர், வெள்ளம் நொடிக்கு 2,000 கன மீட்டர், இவற்றில் ஏதாவது ஒன்றையாவது எட்ட வேண்டும். இல்லையென்றால் அடித்தளம் மிகச் சிக்கலானதாகவோ வடிவமைப்பு வழக்கத்துக்கு மாறானதாகவோ இருக்க வேண்டும்.

கெல்லி பார்ன்ஸ்: உயரம் 12 மீட்டர் சொச்சம். நீளம் 122 மீட்டர். தண்ணீர் சுமார் 7.8 லட்சம் கன மீட்டர். அளவு சம்பந்தப்பட்ட எந்த நிபந்தனையிலும் அது சிக்காது. புதைந்த மரக்கூண்டைக் காட்டி வழக்கத்துக்கு மாறான வடிவமைப்பு என்று யாராவது வாதாடினால் உண்டு. ஆனால் புதைந்திருப்பதை முதலில் யாராவது போய்ப் பார்த்திருக்க வேண்டுமே.

39 பேரைக் கொன்ற அணை, நம் சட்டத்தின் அளவுகோலில் அணையே இல்லை. இந்தச் சட்டம் பெரிய அணைகளுக்காக வந்தது, அதற்கு அது தேவைதான். ஆனால் உயரத்தையும் நீளத்தையும் கொள்ளளவையும் கேட்கிற சட்டம், கீழே யார் குடியிருக்கிறார்கள் என்பதையும் வாசலிலேயே கேட்க வேண்டும். ஒரு தோட்டத்தின் மேட்டில் எப்போதோ கட்டிய குட்டையும், அதற்குக் கீழே தொழிலாளர் குடியிருப்பும் இருந்தால், அந்தக் குட்டைக்கு ஒரு பதிவேடு வேண்டும், வருடம் ஒருமுறை மழைக்கு முன் கரையில் நடந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும், நள்ளிரவில் கதவைத் தட்டி எழுப்ப யார் பொறுப்பு என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். பெரிய செலவில்லாத இந்தக் கடைசி ஏற்பாடு மட்டும் டொக்கோவாவில் இருந்திருந்தால் அன்றிரவு எத்தனை பேர் மேட்டுக்கு ஏறியிருப்பார்கள் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

கெல்லி பார்ன்ஸ் அணையை யாரும் திரும்பக் கட்டவில்லை. கல்லூரி இன்றும் அதே இடத்தில் நடக்கிறது. அருவியைப் பார்க்க வருகிறவர்கள் அதன் அடியில் 39 பேருக்காக வைத்த நினைவுக் கல்லைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள். பக்கத்திலேயே ஓடை, முழங்கால் அளவுத் தண்ணீரோடு.